மூத்த மருமகள் வேடம்

கண்ணைக் கட்டிக்கொள்ளும் ராணியாக யார் நடிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும், மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அக்காவ விட்டா வேற யாருலா?" என்றாள் பின்வரிசையில் இருந்த ஒருத்தி. "நெஜத்துலயே அப்படித்தானே இருக்காங்க."

எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நானும் பாராட்டை வாங்கிக்கொள்கிற முகத்தோடு சிரித்து வைத்தேன்.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கோயிலின் மண்டபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு மாதர் பிரிவு ஒரு நாடகம் போடும். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர்தான் எழுதி இயக்குவார். அந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது இரண்டு ராணிகளின் கதை. பெரும்பாலோருக்குத் தெரிந்த பழைய கதைதான். அண்ணன் பிறவிக் குருடன். அவனைக் கட்டிக்கொண்டு வந்த ராணி, கணவன் பார்க்காத உலகத்தைத் தானும் பார்க்க மாட்டேன் என்று கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறாள். ஊரே அவளைக் கும்பிடுகிறது. தம்பியின் மனைவி இன்னொரு ராணி. அவள் காட்டில் திரிகிறாள், ஒரு மந்திரம் சொன்னால் தேவர்கள் அவள் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

எனக்கு அந்த இரண்டாவது ராணி மேல்தான் ஆசை. டீச்சர் வாட்ஸ்அப்பில் கதையை அனுப்பிய நாளிலிருந்து, பாத்திரம் கழுவும்போது அவளுடைய வசனத்தைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத்தான் நல்ல பட்டு, பூ, நடை, சிரிப்பு எல்லாம். கண்ணைக் கட்டியவளுக்கு ஒரு வெள்ளைப் புடவையும் நாற்காலியும்தான்.

டீச்சர் மண்டபத்தின் கடைசியைப் பார்த்தார். அங்கே என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, தூணில் சாய்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் மாதர் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. என்னைக் காரில் கொண்டுவந்து விட வந்தவள்.

"நீ இங்க வாம்மா," என்றார் டீச்சர். "நல்ல ஒசரம். சிரிச்ச மொகம். எளைய ராணி நீதான்."

"ஐயோ டீச்சர், எனக்கு வசனமெல்லாம் மனசுல நிக்காது."

"கொஞ்சம்தான் இருக்கு."

"அப்ப ஓக்கே லா," என்றாள், தலைமேல் தூக்கி வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

வேடம் அவளுக்குப் போய்விட்டது. எனக்கு எரிந்தது.

இதை வேடத்துக்காக வந்த பொறாமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அது அவள் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே இருந்தது.

நான் அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கடல் பாலத்தைத் தாண்டித் தீவில் இருக்கும் பாயான் பாருவுக்கு வந்தேன். நானும் கணவரும் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேறு வேறு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து, பழுது இருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. மாமனார் இறந்த பிறகு அத்தை எங்களோடு வந்தார். மூத்தவன் வீடு இருக்கும்போது அம்மா வேறு எங்கே போவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் மறுபேச்சு இருக்கவில்லை. பிறகு அத்தைக்குப் பக்கவாதம் வந்து, இடது காலும் கையும் விழுந்துபோயின.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் என்னை லைன் லீடராகப் போடுவதாகச் சொன்னார்கள். அதற்கு ஷிப்ட் மாறி மாறிப் போக வேண்டும். வீட்டில் சொன்னேன். கணவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன மாதிரி மருமவ இந்தக் காலத்துல யாருக்குக் கெடைக்கும்?" என்றார். மறுநாள் மேனேஜரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. புகழ்ந்தார்கள், அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டித் தங்கள் மருமகள்களிடம் பேசினார்கள்.

ஓரகத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வரும்போது ஏதாவது கேக் வாங்கி வருவாள். நான் அதற்குள் அத்தையைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டு, சமையலில் இறங்கியிருப்பேன். அவள் நேரே அத்தையின் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் கைப்பையிலிருந்து நகச்சாயம் எடுத்தாள். நல்ல சிவப்பு. விழுந்துபோன அந்த இடது கையைத் தன் தொடைமேல் வைத்து ஒவ்வொரு விரலாகப் பூசினாள். அத்தை சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அந்த வீட்டில் கேட்டதில்லை. நான் வாசலில் மஞ்சள் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கா பாரு," என்று அத்தை என்னிடம் கையை நீட்டினார்.

"நல்லா இருக்கு அத்தை," என்றேன்.

அந்தச் சாயம் உரியும்வரை, ஒவ்வொரு நாளும் அந்த விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவியவள் நான். ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பு என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரு கல்யாணச் சாப்பாட்டில், எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவளிடம், "என்னம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். எனக்கு ஒரே மகள், கோலாலம்பூரில் படிக்கிறாள். அடுத்தது ஆண் பிள்ளை எப்போது என்று எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு என்னை அழவைத்தவர்களில் அந்த அம்மாளும் ஒருவர்.

ஓரகத்தி சாவகாசமாகத் தண்ணீர் குடித்தாள். "இல்ல ஆன்ட்டி, எங்களுக்கு வேணாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். அந்தக் கேசரி சாப்பிட்டீங்களா? நல்லா இருக்கு."

இப்போது வானம் இடிந்து விழும் என்று நான் காத்திருந்தேன். அந்த அம்மாள் கேசரி எடுக்க எழுந்து போனார்.

அவ்வளவுதானா? இப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? அப்படியென்றால் நான் ஏன் அத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்? சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் அதற்குக் கட்டுப்பட்டிருந்தேன். ஒருத்திக்கு மட்டும் விலக்கு என்றால் எப்படித் தாங்குவது? அவள் வீடும் காரும் எனக்குப் பொருட்டே இல்லை. அந்த விலக்கு யாரிடம் கிடைக்கும், எப்படி வாங்குவது என்று தெரியாததுதான் என்னைத் தின்றது.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து அத்தையோடு இருப்பார். மண்டபத்தில் டீச்சர் என் கண்ணை ஒரு பழைய துண்டால் இறுக்கிக் கட்டி நாற்காலியில் உட்கார வைப்பார். கண் மூடியபோது காது திறந்துகொண்டது. மேடையின் மறுபுறம் ஓரகத்தியின் வளையல், அவள் வசனத்தை மறந்துவிட்டு "சாரி டீச்சர்" என்று சொல்லுவது, உடனே மற்றவர்கள் சிரிப்பது. நான் ஒரு சொல்லை விட்டால் யாரும் சிரிப்பதில்லை. அமைதியாக எடுத்துக் கொடுப்பார்கள். என்னிடம் எல்லோரும் ஒரு பணிவோடுதான் பேசுவார்கள், ஏதோ சாமி படத்துக்கு முன்னால் நிற்பதுபோல. என்னோடு யாரும் விளையாடுவதில்லை என்பது அந்தத் துண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

டீச்சர் எழுதியதில் என் ராணிக்குக் கோபமே கிடையாது. இளைய ராணிக்குக் காட்டில் மகன் பிறந்த செய்தி வரும்போது, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி வாழ்த்துவாள். ஆனால் கதையின் மற்ற பாகமும் எனக்குத் தெரியும். அவளும் அப்போது கர்ப்பிணி. இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள், பிள்ளை பிறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஓரகத்திக்குப் பிள்ளை பிறந்த செய்தி வருகிறது. அவள் தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிறாள்.

ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும்போது டீச்சரிடம் கேட்டேன். "அந்த எடத்த ஏன் டீச்சர் விட்டுட்டீங்க?"

"எந்த எடம்?"

"வயித்துல அடிச்சுக்கறது."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோயில் மேடைம்மா. கமிட்டி ஒத்துக்காது."

"நீங்க எழுதுங்க. நான் கேக்கறேன்."

நான் அப்படி எதற்கும் கேட்டவள் இல்லை என்பதாலோ என்னவோ, டீச்சர் எழுதிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். அந்தக் காட்சி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது என்னா டீச்சர்? அவங்க உத்தமிலா. உத்தமிக்கு ஏது பொறாம?"

"கதையில இருக்குங்க," என்றார் டீச்சர்.

"இருக்கட்டும். பிள்ளைங்கல்லாம் பாக்க வருது. ஒரு பொம்பள வயித்துல அடிச்சுக்கிறத மேடையில காட்டணுமா?"

நான் கண்ணைக் கட்டிய துண்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினேன். அவளுக்கு எவ்வளவு வலித்திருந்தால் அடித்துக்கொண்டிருப்பாள், அதைக் காட்டினால்தானே அவள் தியாகம் எவ்வளவு பெரியது என்று தெரியும், பொறாமைப்பட்டாலும் அவள் நல்லவள்தானே என்று எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க சொல்லலாமாம்மா இத? ஒங்களப் பாத்துத்தான் நாங்க மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றோம்," என்றார்.

அப்போது ஓரகத்தி கையிலிருந்த துணிப் பொம்மையை ஆட்டிக்கொண்டே முன்னால் வந்தாள். "அண்ணே, நான் பிள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்கறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா அப்புறம் என் சீனு எதுக்கு? போரிங் லா. ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

தலைவர் சிரித்துவிட்டார். "சரி சரி. ரொம்ப அடிச்சுக்காதீங்க, மெதுவா."

அனுமதி கிடைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காததை அவள் ஒரே வாக்கியத்தில், அதுவும் பொம்மையை ஆட்டிக்கொண்டே வாங்கிவிட்டாளே என்று துண்டை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டேன். அதற்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

நாடகம் நடந்த சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. கணவர் அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முதல் வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார். அத்தைக்கு நான் பட்டுப்புடவை கட்டிவிட்டு, நீளப் பின்னலில் பூ வைத்திருந்தேன். திரை விலகும் முன் பார்த்ததுதான். அதன் பிறகு எனக்கு எல்லாம் சத்தம்தான்.

என் காட்சி வந்தது. மறுபுறம் காடு. ஓரகத்தியின் கொலுசு கேட்டது. "எனக்கு மகன் பிறந்தான்! இந்தக் குலத்தின் முதல் வாரிசு பிறந்தான்!" என்றாள். ஒத்திகையில் ஒருநாளும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. கூட்டம் கைதட்டியது. அந்தத் தட்டலுக்குள் அத்தையின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

நான் எழுந்தேன். மெதுவாக என்று சொன்னது நினைவில் இருந்தது. முதல் அடி மெதுவாகத்தான் அடித்தேன். அடுத்ததை அப்படி அடிக்க முடியவில்லை. கர்ப்பிணி வேடத்துக்காகக் கட்டியிருந்த பஞ்சுமூட்டை நழுவி, அடி என் வயிற்றிலேயே விழுந்தது. அங்கே நான் சொல்ல வேண்டிய வசனம், "தெய்வமே, எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்பது. அது வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"கண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எல்லோரும் என்னைக் கும்பிடுகிறீர்கள். கும்பிட்ட கைகளில் ஒரு கையாவது இந்தக் கட்டை அவிழ்க்க வந்ததா?"

எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து என் வசனத்தை எடுத்துக் கொடுத்தார். நான் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் தட்டத் தொடங்கினாள், பிறகு நிறையப் பேர் தட்டினார்கள்.

முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, அழுதுட்டேன்லா." "அப்படியே அந்த ராணிதான்." தலைவர் பொன்னாடை போர்த்தி, "இந்த வேசத்துக்கு ஒங்கள விட்டா ஆளே இல்ல," என்றார். நான் கேட்ட கேள்வி அவர்களுக்குக் கேட்டது. அவர்களைத்தான் கேட்டேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஓரகத்தி தூரத்தில் யாருக்கோ சிரித்துப் படம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் கேட்டார். "அந்தக் கடைசி வசனம், டீச்சர் எழுதினதா?"

"இல்ல."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்கினால் வாய் திறந்துகொள்ளும்.

மறுநாள் காலை அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த முடி நரைத்தாலும் இடுப்பைத் தொடும். சிக்கெடுத்துப் பின்னுவதற்கே காலையில் பாதி நேரம் போய்விடும்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"எது அத்தை?"

"வயிறு."

"இல்ல. நடிப்புதானே."

பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "நான் சின்னவ வீட்டுல போயிக் கொஞ்ச நாளு இருக்கட்டுமா?"

அவரை ஏதோ சொல்லிப் புண்படுத்திவிட்டேன் என்று பதறினேன். "நான் என்ன கொற வச்சேன் அத்தை? நேத்துப் பேசினது ஒங்கள இல்ல."

"கொறைன்னு யாரு சொன்னா? மூத்தவன் வீட்டுலதான் இருக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒன்னயும் யாரும் கேக்கல, என்னயும் யாரும் கேக்கல. எனக்குக் கடலு பாக்கணும்னு இருக்கும்மா. அங்க சன்னல்ல தெரியுமாம்." இதைச் சொல்லிவிட்டு, பெரிய தப்புச் செய்தவரைப்போல, "ஊருல என்னா சொல்லுவாங்களோ," என்றார்.

எத்தனையோ வருஷமாக அவர் விருப்பத்துக்காகத்தான் எல்லாம் செய்கிறேன் என்று நம்பியிருந்தேன். அவருக்கு விருப்பம் என்று ஒன்று இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அவள் வீட்டுச் சன்னல். விடுதலை கிடைத்தவளுக்கு வரவேண்டிய மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. அவளிடம் போக ஆசைப்பட்டாரே என்றுதான் பொங்கியது.

ஓரகத்தியிடம் சொன்னபோது அவள் தயங்குவாள், ஏதாவது சாக்குச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகக் காத்திருந்தேன். "அனுப்புங்கக்கா, நான் லீவு போட்டுப் பழகிக்கறேன். பகல்ல ஒரு ஆள் வச்சுக்கலாம்," என்றாள். அந்த வாரமே கொழுந்தன் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

வீடு காலியாகிவிட்டது. வேலை விட்டு வந்தால் செய்ய ஒன்றும் இல்லை. கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால், நான் சமையலறையில். அத்தையின் கட்டில் விரிப்பை அழுக்காகாமலே துவைத்துப் போட்டேன். தினமும் போன் செய்து, மருந்து கொடுத்தாயா, முதுகில் பவுடர் போட்டாயா என்று கேட்டேன். "குடுத்துட்டேன்க்கா" என்று அவள் சொல்லும்போதெல்லாம், கொடுக்க மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வரும். அத்தைக்குக் கெடுதல் வர வேண்டும் என்றில்லை. அவளுக்கு ஒரு குறை வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கணவருக்கு அன்று வேலை, நான் பஸ்ஸில் போனேன். ஓரகத்தி கதவைத் திறந்தாள். அத்தை கூடத்துச் சன்னலருகே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னல் இல்லை. முடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கேன்?" என்று அத்தை தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். "தலயில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்மா. லேசா இருக்கு."

"யாரு வெட்டச் சொன்னது?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நான்தான் கேட்டேன்," என்றார் அத்தை. "ஒன்கிட்ட எப்பவோ கேக்கணும்னு நெனைச்சேன். நீ அவ்வளவு ஆசையா பின்னி விடுவ. எப்படிச் சொல்றது?"

நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பின்னலுக்காகக் காலையில் சீக்கிரம் எழுந்த நாட்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் செய்தது அவருக்குச் சுமையாக இருந்திருக்கிறது, அதைச் சொல்ல முடியாமல் அவர் சுமந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருப்பதிலேயே இருவரும் களைத்துப்போயிருந்தோம். அவளிடம் மட்டும் அவரால் வாய்விட்டுக் கேட்க முடிந்தது. ஏனென்றால் அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஓரகத்தி சமையலறையில் நின்றிருந்தாள். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். முடியை ஏனோதானோ என்று முடிந்திருந்தாள், சட்டையில் கஞ்சி சிந்தியிருந்தது.

"அக்கா," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே. தண்ணி, தலகாணி, ஃபேன் வேகம்... நீங்க இத சொல்லவே இல்லயே?"

"கேட்டா சொல்லியிருப்பேன்," என்றேன்.

"எப்படி லா சமாளிச்சீங்க?"

எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "தண்ணிய கைக்கு எட்டற மாதிரி வலது பக்கம் வை. தலகாணி ரெண்டு போதாது, மூணு வேணும்," என்றேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சில மாதம் அங்கே, சில மாதம் இங்கே. அத்தையைக் கேட்டோம். "கடலு பாத்து அலுத்துட்டா வரேன்," என்றார். அலுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ் கடலோரச் சாலையில் வந்தபோது, கர்னி கடற்கரையில் இறங்கிவிட்டேன். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. கடைகள் இருக்கும் பக்கம் போய் ஒரு தட்டு பசெம்பூர் சொன்னேன். வெள்ளரியும் முள்ளங்கியும் பொரித்த உருண்டைகளும் போட்டு, மேலே அந்த இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். தனியாக உட்கார்ந்து வெளியில் சாப்பிடுவது எனக்குப் பழக்கமே இல்லை. கைப்பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

மாதர் பிரிவில் என்னோடு இருக்கும் ஒருத்தி தன் பேரப்பிள்ளைகளோடு அந்தப் பக்கமாக வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னா, தனியாவா? அத்தை எங்க?"

"சின்னவ வீட்டுல இருக்காங்க."

அவள் முகம் மாறியது. அனுதாபமா, ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. "அடக் கடவுளே. ஒன்னாலயே முடியலயா?"

"முடியும்," என்றேன். "அவங்களுக்கு அங்கதான் இருக்கணுமாம்."

"அவங்க சொன்னா நீ விட்டுருவியா? மூத்த மருமவ இருக்கும்போது..." என்று தொடங்கியவள், என் தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்தன. "சரி, வரேன்," என்று போய்விட்டாள். வரும் வாரம் மண்டபத்தில் இதுதான் பேச்சாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தூரத்தில் தஞ்சோங் தோக்கோங் கட்டடங்களில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவற்றில் ஏதோ ஒரு சன்னலில் அத்தை உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவள் இருப்பாள். நினைத்தால் இன்னும் எரியத்தான் செய்தது. குழம்பு தீர்ந்துவிட்டிருந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.